லைல் பெல்டோலாவின் இருபத்தொரு இரவுகள்

லைல் பெல்டோலா தூங்க ஆரம்பித்தால் ஒட்டர் க்ரீக்கில் பாதி ஊர் விழித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். இது கொஞ்சம் கூடுதல். ஊரின் ஜனத்தொகையே நானூற்றுச் சொச்சம். அவன் குறட்டை எட்டுகிற தூரத்தில் இருப்பது மூன்றே வீடு. ஆனால் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் பைபிள்மேல் கைவைத்துச் சொல்லத் தயாராக இருந்தார்கள். கோடையில் ஜன்னல் திறந்திருந்தால், லைல் எப்போது மல்லாந்து படுக்கிறான், எப்போது ஒருக்களிக்கிறான் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. "நானா? படுத்தா எனக்குப் பேச்சு மூச்சே இருக்காதே" என்பான். அதில் பாதி உண்மை என்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் வெளியே வந்தது.

முப்பத்தொரு வருடமாக அவன் மரலாரி ஓட்டுகிறான். காட்டில் வெட்டிய மேப்பிள், ஆஸ்பென் கட்டைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் நீள லாரி. மேல் மிச்சிகன் சாலைகளில் ஒரு மானைக்கூட இடித்ததில்லை என்று பெருமை பேசுவான். எங்கள் பக்கத்தில் அது சாதாரணப் பெருமை அல்ல. அந்தப் பெருமைக்குச் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சோதனை வந்தது. மாவட்டத்துக்கே ஒன்றுதான் சிக்னல். அதில் சிவப்பு விழுந்ததும் நிறுத்தினான். பச்சை விழுந்தது, மறுபடி சிவப்பு விழுந்தது, மறுபடி பச்சை விழுந்தது, லாரி அசையவில்லை. பின்னால் நின்றவர் லூத்தரன் சர்ச் பாதிரியார். அவர் ஹார்ன் அடிக்கிற ஆள் இல்லை. மூன்றாவது பச்சையில் காரை விட்டு இறங்கி வந்து, கதவை மெதுவாகத் தட்டி, "லைல், ஏதாவது பிரார்த்தனையில இருக்கியா?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் மார்லிஸ் காதுக்குப் போய்விட்டது. மார்லிஸ் அவன் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள். அவளிடம் அடம் பிடித்து ஜெயித்த பிள்ளை கிடையாது. மறுவாரமே லைலைத் தூக்கச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முடிவு வந்தது: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, மணிக்கு முப்பத்தொரு தடவை. சிபாப் மெஷின் கொடுத்தார்கள். ரொட்டி டப்பா அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் ஒரு மாஸ்க். காற்றை அழுத்தி உள்ளே தள்ளி, தொண்டை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்.

அதோடு விட்டிருந்தால் லைல் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். விடவில்லை. நவம்பர் கடைசியோடு அவனுடைய மருத்துவ அட்டை காலாவதி ஆகிறது. அந்த அட்டை இல்லாமல் லாரியின் சாவியைத் தொடக்கூடாது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அக்டோபர் இருபத்தேழில் ஆரம்பித்து முப்பது இரவு; அதில் குறைந்தது இருபத்தொரு இரவு, நாலு மணி நேரமாவது மாஸ்க்கோடு தூங்கியிருக்க வேண்டும். ஏமாற்ற முடியாது. எத்தனை மணி நேரம் மாட்டினான், எத்தனை தடவை மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கசிந்தது என்று மெஷினே தினமும் கிளினிக்குக்கு ஒப்பித்துவிடும். டிசம்பரில் தரை உறைந்தால்தான் சதுப்புக் காட்டுக்குள் லாரி போகும். வருடச் சம்பாத்தியத்தில் பாதி அந்த மூன்று மாதத்தில்தான். அட்டை போனால் குளிர்காலம் போயிற்று.

"முப்பதுல ஒம்பது நாள் லீவு இருக்குல்ல" என்றான் லைல்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லீவை எண்ணுற பாரு" என்றாள் மார்லிஸ்.

அந்த லீவில் பெரும்பகுதியை முதல் பத்து நாளிலேயே தின்று தீர்த்தான். இரண்டு இரவு, டிவிக்கு எதிரே இருக்கும் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போனான். மெஷின் படுக்கையறையில் தனியாகக் காத்திருந்தது. ஒரு இரவு மாஸ்க்கின் பட்டைகளை அதிகமாக இறுக்கி, வலி தாங்காமல் பாதியில் கழற்றி, காலையில் முகத்தில் கோடுகளோடு எழுந்தான். மூன்று இரவு, மாட்டிய மாஸ்க்கை அவனே தூக்கத்தில் பிடுங்கி எறிந்திருக்கிறான். ஒரு தடவை அது நாயின் மெத்தையில் கிடந்தது, நாய் நடைக்கூடத்தில் கிடந்தது. இன்னும் இரண்டு இரவு குழாய் கழுத்தைச் சுற்றிக்கொண்டது என்று குற்றம் சாட்டினான். எட்டு போயிற்று.

அதன்பிறகு மார்லிஸ் நிர்வாகத்தைக் கையில் எடுத்தாள். பள்ளிச் சமையலறையில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாளைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள். சாயங்காலம் செய்தி பார்க்கும்போதே அரைமணி நேரம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், பழகுவதற்காக. அப்போது போன் வந்தால் எடுக்கக் கூடாது. ஒரு தடவை அவன் எடுக்கப்போக, மறுமுனையில் இருந்த அவனுடைய சித்தி அந்தக் காற்றுச் சத்தத்தைப் புயல் எச்சரிக்கை என்று நினைத்துவிட்டாள். ஒன்பது மணிக்குத் துவைத்த துணிக் கூடை சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடும். அதற்குமேல் அது லைலுக்கு இல்லை. படுக்கும் முன் சோப்பு போட்டு முகம் கழுவ வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாஸ்க் வழுக்கும். பெட்டிக்குள் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும். குழாயை மாட்டக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கோட்டு மாட்டும் கொக்கி ஒன்றை அவளே அடித்தாள். அவன் எந்தப் பக்கம் புரண்டாலும் குழாய் மேலிருந்து கூடவே வரும்.

மூக்கு மாஸ்க்கில் ஒரு விசேஷம் உண்டு. வாயைத் திறந்தால் காற்று முழுக்க வாய் வழியாகப் பீறிட்டு வெளியே வரும். ஆகவே மாஸ்க் மாட்டிய கணவனால் பதில் பேச முடியாது. முப்பத்துநாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் மார்லிஸுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. அவள் அதை வீணாக்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு கூரை ஒழுகுவதிலிருந்து அவன் அம்மாவின் பிறந்தநாளை மறந்தது வரை நிதானமாகச் சொல்லி முடிப்பாள். லைல் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு கேட்டான். தப்பிக்க ஒரே வழி தூங்குவதுதான் என்று புரிந்துகொண்டு தூங்கினான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தியாகம் தாடி. எங்கள் பக்கத்தில் அக்டோபர் முதல் தேதி சவரக்கத்தியை உள்ளே வைத்தால், மான் வேட்டை முடிந்துதான் எடுப்பார்கள். வேட்டைக் கேம்ப்புக்கு மழுமழு கன்னத்தோடு போவது துப்பாக்கி இல்லாமல் போவதைவிட மோசம். ஆனால் தாடிக்கும் மாஸ்க்குக்கும் இடையில் காற்று கசிந்தது, லைல் மணிக்கு ஒரு தடவை எழுந்தான். நவம்பர் ஐந்தாம் தேதி, ஐந்து வாரத் தாடியை மழித்தான். மார்லிஸ் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அட, நீ இங்கதான் இருந்தியா" என்றாள். பதின்மூன்றாம் தேதி இரவும் கழிந்து கணக்குப் பார்த்தபோது பத்து இரவு தேறியிருந்தது. மிச்சம் பன்னிரண்டு இரவு. அதில் ஒன்றே ஒன்றைத்தான் தவற விடலாம்.

மான் வேட்டை தொடங்குவது பதினைந்தாம் தேதி. மார்லிஸ் போகாதே என்று சொல்லவில்லை. இந்த ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வாழ முடியாது. மெஷினைக் கம்பளியில் சுற்றி, மீன்பிடிப் படகின் பேட்டரியோடு சேர்த்து லைலின் பிக்கப்பில் ஏற்றினாள். "கேம்ப்புல போன் சிக்னல் இல்லைன்னு சந்தோஷப்படாத. அது எல்லாத்தையும் உள்ள எழுதி வச்சுக்கிட்டு, ஊருக்கு வந்ததும் சொல்லிடும்" என்றாள்.

கேம்ப் என்பது பலகைச் சுவரில் தார்த்தாள் அடித்த ஒற்றை அறை, மூன்று கட்டில், ஒரு விறகு அடுப்பு, பின்னால் வேர்க்க வேர்க்க உட்காரும் ஒரு சவுனா அறை. ஆட்கள் மூன்று பேர். லைல், சமையல் பொறுப்பில் இருக்கும் அர்லன், மார்லிஸின் அண்ணன் வெர்ன். ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் பிரிவில் நிற்கும் வெர்னுக்கு நெஞ்சு வரை தாடி, வாய் அதற்கும் கீழே வரை. லைல் உள்ளே நுழைந்ததும் அவன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க மேடம். தப்பான கேம்ப்புக்கு வந்துட்டீங்க போல."

"வெர்ன், வாயை மூடு."

"அர்லன், இவளுக்கு ஒரு காப்பி போடு. பாவம், புருஷன் எங்கேயோ தொலைஞ்சுட்டான்."

மெஷினை எடுத்து வைத்ததும் அவனுக்கு இன்னும் குஷி. "மாப்ளே, இந்தக் குழாய்ல பெட்ரோல் எங்க ஊத்தறது?" என்றான். "ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் வாக்குவம் கிளீனர். எங்க தங்கச்சி எப்படித்தான் பக்கத்துல படுக்குறாளோ." லைல் மாஸ்க்கை மாட்டினான், மாட்டிய பிறகு பதில் சொல்ல முடியாது.

முதல் இரவே ஒரு தப்பு நடந்தது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று காற்றைச் சூடாக்கும் பொத்தானை அவன் அணைக்கவில்லை. அது பேட்டரியை மூன்றே மணி நேரத்தில் உறிஞ்சி முடித்துவிட்டது. தவற விடலாம் என்றிருந்த ஒற்றை இரவும் அதோடு போயிற்று. மறுநாள் அர்லன் ஜெனரேட்டரைப் போட்டு பேட்டரியை நிரப்பிக் கொடுத்தான். சூட்டை அணைத்து வைத்தார்கள். பதினைந்தாம் தேதி நல்லபடியாகக் கழிந்தது. இனி ஒவ்வொரு இரவும் வேண்டும்.

பதினாறாம் தேதி நாள் முழுக்க லைல் முழங்கால் ஆழப் பனியில் ஒரு கொம்பு மானைத் துரத்தினான்; மான் ஜெயித்தது. வந்ததும் சவுனாவில் உட்கார்ந்தான். வேர்வையாக வேர்த்து, இரண்டு பீர் குடித்து, உடை மாற்றும் அறையின் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தான். ஐந்து நிமிடம் என்றுதான் நினைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் உறங்குகிற உடம்பு. கண் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம்.

காலில் செருப்புகூட இல்லாமல் பனியில் ஓடி கேம்ப்புக்கு வந்தான். அவன் கட்டிலில், அவன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, தாடியின் இரண்டு பக்கமும் காற்று சீறிக்கொண்டிருக்க, வெர்ன் படுத்துக் கிடந்தான்.

"நீ வரலன்னதும் உன்னை மாதிரி நடிச்சுக் காட்டறேன்னு மாட்டினான். நடிச்சுக்கிட்டே தூங்கிட்டான்" என்றான் அர்லன். அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. "ஏழு மணி நேரம்யா. நான் ஒரு பொட்டு தூங்கல. தாடி வழியா விசில் ஒரு பக்கம். அது போக நடுநடுவுல சத்தமே நின்னு போகும். சரி, ஆள் போயிட்டான், துப்பாக்கி எனக்குத்தான்னு நினைப்பேன். உடனே கொர்ருன்னு ஆரம்பிச்சுடுவான்."

வெர்ன் எழுந்து மாஸ்க்கைக் கழற்றினான். விஷயம் புரிந்ததும் கையைத் தட்டினான். "பாத்தியா மாப்ளே! உன் ராத்திரிய நான் தூங்கிக் குடுத்துட்டேன். ஏழு மணி நேரம், ரொக்கமா. இதுக்கு நீ எனக்கு ஆயுசு பூரா பீர் வாங்கித் தரணும்."

லைலுக்கு உடம்பு நடுங்கியது, குளிரால் கொஞ்சம், நிம்மதியால் மிச்சம். சிரித்தான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெஷினுக்கு மூக்கு யாருடையது என்று தெரியாதே.

அதன்பிறகு ஒரு இரவும் தவறவில்லை. இருபத்தைந்தாம் தேதியோடு முப்பது முடிந்தது. இருபத்தொன்று சரியாக, ஒன்றுகூட உபரி இல்லாமல். மறுநாள் காலை லைல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். அங்கே டானா என்ற நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். பச்சைக் கோடுகள் வரிசையாக நின்றன. முப்பத்தொன்று இருந்த இடத்தில் இப்போது மணிக்கு மூன்று, இரண்டு, மூன்று. லைலுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"இது மட்டும் என்ன?" என்றாள் டானா. பதினாறாம் தேதிக் கோடு திரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு சிவப்பாக நின்றது. "மணிக்கு அம்பத்தெட்டு. அதாவது கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு நின்னுருக்கு. அன்னைக்குக் குடிச்சிருந்தீங்களா? வேட்டை சமயம்தானே. ஆமான்னா சொல்லுங்க, அப்படியே எழுதி டாக்டர் கையெழுத்துக்கு அனுப்பிடறேன். மணிக்கணக்கு உங்களுக்குச் சரியா இருக்கு."

இரண்டு பீர் குடித்தது உண்மை. ஆமாம் என்று சொன்னால் அது பொய்கூட இல்லை.

"அம்பத்தெட்டுங்கறது ஜாஸ்தியா?" என்றான் லைல்.

"ஒரு ராத்திரின்னா பரவாயில்ல. தினமும் இப்படி ஒருத்தர் இருந்தா, டாக்டர் பாக்காம நான் அவரை வெளிய விடமாட்டேன்."

லைலுக்கு மாமனார் ஞாபகம் வந்தார். மார்லிஸுக்கும் வெர்னுக்கும் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தொன்று. கஷ்டப்படாமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று ஊரே சொல்லிற்று; லைலும்தான் சொன்னான். அவர் குறட்டையும் வெர்னுடைய குறட்டையும் ஒரே குரல். வெர்னுக்கு ஆகஸ்டில் அறுபது முடிந்தது. கேம்ப்பில், நடுநடுவே சத்தமே நின்று போகும் என்று அர்லன் சொல்லியும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய், வெர்னிடம் தனியாகச் சொன்னால் என்ன? அதையும் யோசித்தான். வெர்ன் கேட்பானா? அதை வைத்து ஒரு வருடத்துக்கு ஜோக் அடிப்பான்.

"புதுசா ஒரு ஆள் வந்தா எப்ப பாப்பீங்க?"

"பிப்ரவரி கடைசி வரைக்கும் இடம் இல்ல. கையில இந்த மாதிரி நம்பர் இருந்தா இந்த வாரமே சொருகுவேன். ஏன்?"

லைல் தன் நல்ல சட்டையின் கைப்பட்டனைப் போட்டான், கழற்றினான். "அது நான் இல்லம்மா" என்றான். "என் மச்சினன். அன்னைக்கு நான் சவுனாவுல தூங்கிட்டேன்."

டானா திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். வரும்போது அவள் முகத்தில் இரக்கம் இருந்தது, கையில் கையெழுத்து இல்லை. "ஒரு ராத்திரிதானே குறையுது, இன்னும் ரெண்டு நாள் கூடக் குடுக்கலாமேன்னு நான் கேட்டுப் பாத்தேன். ஒரு ராத்திரி வேற ஆள்னா, மத்த ராத்திரி எல்லாம் நீங்கதான்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறார். முதல்லேருந்து முப்பது நாள் எண்ணணுமாம். மன்னிச்சுக்குங்க."

அப்படியானால் கிறிஸ்துமஸ் தாண்டி. அதற்குள் ஆலைக்காரன் அவனுடைய பாதைக்கு வேறு லாரியை வைத்திருப்பான். லைல் வெளியே வந்து பிக்கப்பில் ஏறினான். நேரே ஹார்டுவேர் கடைக்கு விட்டான்.

வெர்ன் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட்டைக் குலுக்கும் இயந்திரத்தில் மாட்டி ஓட விட்டிருந்தான். "வாய்யா ட்ரைவர்! கையெழுத்து ஆச்சா? என் பீர் எங்க?"

"ஆகல. இருபதுதான் என்னோடது."

"சொல்லிட்டியா?" வெர்ன் இயந்திரத்தை நிறுத்தினான். "கிறுக்கா உனக்கு? யாருய்யா கேட்டா உன்கிட்ட?"

லைல், டானா அச்சிட்டுக் கொடுத்த தாளைக் கவுண்டரில் விரித்து, சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தான். "இது நீ. நிமிஷத்துக்கு ஒரு தடவை."

"தாடி வழியா காத்து லீக் ஆயிருக்கும். அதான் அர்லனே சொன்னானே, விசிலு..."

"லீக்குக்குத் தனிக் கோடு இருக்கு, கீழ பாரு. இது மூச்சு. அர்லன் சொன்ன இன்னொன்னு."

வெர்ன் சிரிக்கப் பார்த்தான். தாளைத் தலைகீழாகத் திருப்பி, "இப்படிப் பாத்தா நல்லாத்தான் இருக்கு" என்றான். லைல் சிரிக்கவில்லை. தாளை மறுபடி நேராக்கினான்.

"உங்கப்பாவுக்கு அப்ப என்ன வயசு, வெர்ன்?"

பெயிண்ட் வாங்க வந்த ஒரு பெண் கவுண்டரில் நின்றாள். வெர்ன் அவளைக் கவனிக்கவில்லை. அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம் அவன் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"தினமும் காலைல தலைவலியோடதான் எந்திரிக்கறேன்" என்றான் கடைசியில், தாளைப் பார்த்தபடியே. "எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சிருந்தேன்." பிறகு நிமிர்ந்தான். "லாரி?"

"ஜனவரில பாக்கலாம். உன்னை வியாழக்கிழமை ஒம்பது மணிக்கு கிளினிக்குக்கு வரச்சொல்லியிருக்காங்க."

"வியாழக்கிழமை எனக்குக் கடை இருக்கே."

"லீவு சொல்லு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான் லைல். "எனக்கு வேலை ஒன்னும் இல்ல."